உடலுக்குள் ஒளிரும் நானோ துகள்: உள்ளே போவது சரி, வெளியே வருமா?

'புற்றுநோய்க் கட்டியை ஒளிரவைக்கும் நானோ துகள்' என்ற செய்தி அடிக்கடி வாட்ஸ்அப்பில் சுற்றும். வீட்டில் நோயாளி இருப்பவர்கள் அதை டாக்டரிடம் காட்டி, 'இது எப்போ வரும்?' என்று கேட்பதும் நடக்கும். எலி உடலில் கட்டி ஒளிர்ந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஒளிரவைப்பது இல்லை இங்கே சிக்கல்.

2023-ல் வேதியியல் நோபல் வாங்கித் தந்த குவாண்டம் புள்ளிகளையே எடுத்துக்கொள்ளலாம். சில நானோமீட்டர் அளவுள்ள குறைகடத்திப் படிகங்கள் இவை. பொருள் ஒன்றுதான், அளவு மாறினால் நிறம் மாறும். காட்மியம் செலினைடு சின்னதாக இருந்தால் நீலம், பெரிதானால் சிவப்பு. சாதாரணச் சாயம் வெளிச்சம் பட்டுப் பட்டு சீக்கிரம் மங்கிவிடும், இது தாக்குப்பிடிக்கும். 2002-ல் தவளைக் கருவுக்குள் இவற்றைச் செலுத்தி, செல்கள் பிரிந்து வளர்வதை ஆய்வாளர்கள் பின்தொடர்ந்தார்கள். 2004-ல் எலியின் கட்டி.

அப்புறம் ஏன் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை? காட்மியம் நச்சு. அது கசியாமல் இருக்க மேலே உறை போட வேண்டும். உறை போட்டால் துகள் பெருக்கும். 2007-ல் வெளியான ஓர் ஆய்வின்படி, உறையோடு சேர்த்து சுமார் 5.5 நானோமீட்டருக்குள் இருந்தால்தான் கிட்னி அதை வடிகட்டி சிறுநீரில் தள்ளும். பெரிதாக இருந்தால் கல்லீரலில், மண்ணீரலில் போய் உட்கார்ந்துவிடும். இன்னொரு பக்கம், ரத்தத்தையும் சதையையும் தாண்டி வெளியே தெரிய சிவப்பைத் தாண்டிய ஒளிதான் தோது. அதே பொருளில் அந்தப் பக்கம் போகப் போக புள்ளி பெரிதாகும். ஒளியும் உறையும் பெரிசு கேட்கின்றன, கிட்னி சின்னது கேட்கிறது.

அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் உருவான துகள் வேறு வழியில் போனது. காட்மியம் கிடையாது, மணலில் இருக்கும் சிலிக்காவுக்குள் சாயத்தை அடைத்தார்கள். 2011-ல் மனிதர்களிடம் சோதிக்க அனுமதி கிடைத்தது. தோல் புற்றுநோயாளிகள் ஐந்து பேரிடம் நடந்த சோதனையின் முடிவு 2014-ல் வந்தது. அதில் துகள் எவ்வளவு மின்னியது என்பது பெரிய விஷயமே இல்லை. கதிரியக்க அயோடினை ஒட்டி, எங்கே போகிறது, எப்போது வெளியேறுகிறது என்று பார்த்தார்கள். கிட்னி வழியாக வெளியேறியது. அடுத்த முறை செய்தி வந்தால் தேட வேண்டிய வரி இதுதான். பல செய்திகளில் அது இருக்காது.

ஆபரேஷன் தியேட்டரில் இன்றும் கைகொடுப்பது 1959-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இண்டோசயனின் கிரீன் என்ற சாயம். பளிச்சென்று ஒளிர்வதில் குவாண்டம் புள்ளிக்குப் பக்கத்தில்கூட நிற்காது. ஆனால் கல்லீரல் அதை எடுத்து பித்தநீரோடு வெளியே அனுப்பிவிடுகிறது.