ஏற்றத்தில் மட்டும் வரும் நெஞ்சுநோவு



றத்தோட்டைப் பக்கத் தோட்டமொன்றில் எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர் இருக்கிறார். 2009இல் வன்னியில் கணவரை இழந்து, முகாமிலிருந்து இரண்டு பிள்ளைகளோடு தாய்வீட்டு லயத்துக்கு வந்தவர். கொழுந்துக் கூடையோடு மலை ஏறினால் அவருக்கு நெஞ்சு அடைக்கும், தாடை வலிக்கும். உட்கார்ந்தால் போய்விடும். ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து ஈ.சி.ஜி. எடுத்தார்கள். நோர்மல். "எல்லாம் யோசனைதாம்மா" என்று அனுப்பிவிட்டார்கள்.

படுத்திருக்கும்போது எடுத்த ஈ.சி.ஜி. ஏறும்போது வரும் நோவைக் காட்டாமல் போகலாம். லயத்துப் பைப்பை நினைத்துப் பாருங்கள். ஒரு வீடு மட்டும் திறந்தால் தண்ணீர் தாராளம். எல்லோரும் திறக்கும்போதுதான் கடைசி வீட்டின் குறை தெரியும். இருதயத்துக்கும் வேலை கொடுத்துத்தான் பார்க்க வேண்டும்.

இதற்காக ஓடும் பட்டியில் நடக்கவிட்டு ஈ.சி.ஜி. எடுப்பார்கள். வழக்கமான முறையில் 3 நிமிடத்துக்கு ஒருமுறை வேகமும் ஏற்றமும் கூடும். நடக்க முடியாதவர்களுக்கு ஊசி மருந்தால் அதே வேலையைக் கொடுக்கலாம். பெண்களுக்கு இந்த ஈ.சி.ஜி. மட்டும் சில வேளை தவறான முடிவைத் தரும். அப்போது இருதயத் தசையையே படமெடுப்பதுண்டு.

சாதாரணப் படம் தசையின் ஒரு பக்கத்தை மறுபக்கத்தோடு ஒப்பிடும். எல்லாப் பக்கமும் ஒரேயளவு குறைந்திருந்தால் குறை தெரியாது. பெட் ஸ்கேன் இரத்த ஓட்டத்தை அளந்தே சொல்லும். ஓய்வில் 1 கிராம் தசைக்கு நிமிடத்துக்குச் சுமார் 1 மில்லிலீற்றர் இரத்தம் போகும். வேலை செய்யும்போது அது மூன்று மடங்காவது ஆக வேண்டும். இரண்டு மடங்குகூட ஆகாவிட்டால் குறைதான். பெரிய குழாய்களில் அடைப்பில்லாமல் நுண்குழாய்களில் மட்டும் இந்தக் குறை இருக்கலாம். அஞ்சியோகிராமில் அது தெரியாது. பெண்களிடம் இது அதிகம். பெட் ஸ்கேன் எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை, ஆனால் இப்படியொரு நோய் இருப்பதை நாம் தெரிந்திருக்க வேண்டும்.

இலங்கை உட்பட 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வு 2004இல் வெளியானது. மாரடைப்புக்கான ஒன்பது காரணங்களில் மன அழுத்தத்தையும் அது சேர்த்தது. ஆகவே "யோசனை" என்பது பரிசோதிக்காமல் விடுவதற்குக் காரணமாகாது. பரிசோதிக்க அது இன்னுமொரு காரணம்.

டொக்டரிடம் "நெஞ்சு நோகுது" என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்த வேலையில், எவ்வளவு தூரத்தில் வருகிறது, எப்போது நிற்கிறது என்று சொல்லுங்கள். ஆஸ்துமா இருந்தால், கர்ப்பமாயிருந்தால், பால் கொடுத்தால் பரிசோதனைக்கு முன்பே சொல்ல வேண்டும். உடம்பில் ஷெல் துண்டு இருப்பவர்கள் எம்.ஆர்.ஐ. என்று சொன்னவுடன் அதைச் சொல்லியே ஆக வேண்டும், காந்தம் அதை அசைத்துவிடலாம். ஊசிப் பரிசோதனைக்கு முதல் நாளிலிருந்தே தேத்தண்ணீர், கோப்பி வேண்டாம். (நமக்கு அதுதான் பெரிய கஷ்டம்!)

நோவு ஓய்விலும் நிற்காவிட்டால் கிளினிக் நாளுக்குக் காத்திருக்காமல் 1990க்கு அழையுங்கள். அம்புலன்ஸ் இலவசம்.

அந்த அக்கா இன்னொரு முறை போனார். எந்த ஏற்றத்தில் நோவு வருகிறது என்று ஒரு துண்டில் எழுதிக் கொடுத்திருந்தேன். நடக்கவிட்டுப் பார்த்தவர்கள் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். இப்போது மாதாமாதம் கிளினிக் போகிறார். குளிசைகளைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டுதான் மலைக்குப் போகிறார்.