தாண்டிக்குடி காபிக்கு 'லொகேஷன்' கேட்கும் ஐரோப்பா: சிறு விவசாயிகளுக்கு என்ன சிக்கல்?

மதுரையிலிருந்து வத்தலக்குண்டு வழியாக மலை ஏறினால் தாண்டிக்குடி, பண்ணைக்காடு. மிளகு, மலைவாழையோடு மரநிழலில் காபி விளையும் ஊர்கள். இந்தக் காபிக்கொட்டை இனி ஐரோப்பாவுக்குப் போகணும்னா, எந்தத் தோட்டத்தில் விளைந்தது என்பதைக் காட்ட வேண்டும்.

என்ன சட்டம் இது?

ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல் கொண்டுவந்த காடழிப்புத் தடுப்பு விதிமுறை. காபி, கோகோ, ரப்பர், பாமாயில், சோயா, மரம், மாடு என 7 பொருட்களுக்கும், அவற்றிலிருந்து தயாராகும் பல பொருட்களுக்கும் பொருந்தும். 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காட்டை அழித்த நிலத்தில் விளைந்தவற்றை அங்கே விற்க முடியாது. இரண்டு முறை தள்ளிப்போன இந்த விதி, பெரிய, நடுத்தர நிறுவனங்களுக்கு 2026 டிசம்பர் 30-லும், சிறு நிறுவனங்களுக்கு 2027 ஜூன் 30-லும் அமலாகிறது.

என்ன விவரம் கேட்கிறார்கள்?

தோட்டத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை. 4 ஹெக்டேர் வரை, அதாவது சுமார் 10 ஏக்கர் வரை, ஒரு புள்ளி போதும். அதற்கு மேல் என்றால் எல்லை முழுவதையும் குறித்துக் கொடுக்கணும். நில உரிமை உள்ளிட்ட உள்ளூர் சட்டங்களை மீறவில்லை என்பதும் உறுதியாக வேண்டும்.

இந்தியாவுக்கு விலக்கு இல்லையா?

2025 மே மாதப் பட்டியலில் இந்தியா 'குறைந்த ஆபத்து' நாடு. அதனால் சோதனைகள் குறையும். ஆனால் லொகேஷன் கட்டாயம்.

சிக்கல் எங்கே?

இரண்டு ஏக்கர் வைத்திருப்பவர் பழத்தைப் பறித்து உள்ளூர் வியாபாரியிடம் போடுகிறார். அங்கே பத்துப் பேரின் சரக்கு ஒன்றாகக் கலக்கிறது. அதில் ஒருவருடைய விவரம் இல்லை என்றாலும் மொத்த சரக்கும் மாட்டிக்கொள்ளும். அப்போ வியாபாரி என்ன செய்வார்? விவரம் இருப்பவரிடம் மட்டும் வாங்குவார், அல்லது மற்றவருக்கு விலையைக் குறைப்பார். பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருந்தால் கஷ்டம் இரட்டிப்பு. காட்டையே தொடாதவரும் இப்படி ஒதுக்கப்படலாம்.

இன்னொன்று, நிழல் மரங்களைக் கவாத்து செய்தாலோ வெட்டினாலோ, செயற்கைக்கோள் படத்தில் காடு அழிந்ததுபோலத் தெரிய வாய்ப்புண்டு.

என்ன செய்யலாம்?

காபி வாரியம் விவசாயிகளைச் செயலி மூலம் பதிவு செய்கிறது. தாண்டிக்குடியில் வாரியத்தின் ஆராய்ச்சி நிலையமும் இருக்கிறது. ஆனால் ஸ்மார்ட்போன் இல்லாதவருக்குச் செயலி மட்டும் போதாது. தோட்டத்துக்கே போய் புள்ளி எடுத்துக் கொடுக்கணும், பட்டா மாறுதலுக்கு மலையிலேயே முகாம் வேண்டும். எடுத்த விவரத்தின் நகல் விவசாயி கையிலும் இருக்கணும். இல்லைன்னா, விவரத்தை வைத்திருக்கும் ஒரே வியாபாரியிடம்தான் அவர் விற்க வேண்டிவரும்.

டிசம்பர், மலையில் பழம் பறிக்கும் நேரம். அதற்கு முன்பே இந்த வேலைகள் முடிந்தால்தான் சிறு விவசாயிக்குப் பயன்.