லொகின் எங்களிட்ட இல்லை, பதிவு எங்கட பெயரில



2022 மே மாத வாக்கெடுப்புக்கு முதல் ஃபுரொன்டெக்ஸுக்கு எதிராகத் துண்டுப்பிரசுரம் குடுத்தவர்கள் எங்களில் பலர் இருக்கிறம். மத்தியதரைக் கடல், முட்கம்பி, நாடுகடத்தும் விமானம் எல்லாம் எங்கட பதாகைகளில் இருக்கு. இருக்கவும் வேணும். ஆனால் சுவிசில் வாழும் தமிழ்ச் சனம் வருசக்கணக்காகக் கடந்து வரும் இன்னொரு எல்லையைப் பற்றி நாங்கள் குறைவாகத்தான் கதைக்கிறம். அது அலுவலக மேசையில் இருக்கும் ஒரு திரை. பயனர் பெயர், கடவுச்சொல், கைத்தொலைபேசிக்கு வரும் ஒரு குறியீடு. இந்த மூன்றும் உள்ளவர் உள்ளே போகிறார். மற்றவர் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று, "பொறுங்கோ, பாத்துச் சொல்றன்" என்ற பதிலுக்குக் காத்திருக்கிறார்.

இந்த மடலில் நான் கேட்பது ஒன்றைத்தான். அந்தத் திரைக்குள் எங்களைப் பற்றி என்ன எழுதியிருக்கு என்று சட்டப்படி கேட்டுப் பார்ப்பதை எங்கட கூட்டு ஒரு அரசியல் வேலையாக எடுக்க வேணும். தனித்தனியாக, வீட்டுக்குள்ளே, பயந்து பயந்து செய்யும் வேலையாக அதை விடக் கூடாது.

முதலில் திரையைப் பற்றிச் சொல்றன். பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது இரண்டு கோடை விடுமுறைகளில் ஒரு கெமைன்டே அலுவலகத்தில் வேலை செய்தனான். யாருடைய பதிவில் என்ன இருந்தது என்று சொல்ல மாட்டன். அது அலுவலக இரகசியம், சனத்தைக் காப்பதும் அந்த இரகசியம்தான். ஆனால் இப்படியான மென்பொருட்களின் பொது அமைப்பை எல்லாரும் அறிந்திருக்கிறது நல்லது. லொகின் செய்தவுடன் அந்த நிரல் உங்களுக்கு ஒரு 'பாத்திரம்' குடுக்கும். அதே நிரல் கவுண்டரில் இருப்பவருக்கு ஒரு மாதிரியும் பின்னறையில் இருப்பவருக்கு இன்னொரு மாதிரியும் தெரியும். இடப்பக்கத்தில் மரம் போல ஒரு பட்டியல்: ஆள், முகவரி, குடும்பம், வதிவிட அனுமதி, ஆவணங்கள். மேலே தேடும் பெட்டி. ஒரு பெயரை இரண்டு தரம் அழுத்தினால் ஒரு வாழ்க்கை பத்துப் பன்னிரண்டு பக்கங்களாக விரியும். வெள்ளையாக இருக்கும் கட்டத்தில் எழுதலாம். சாம்பல் நிறக் கட்டத்தைப் பார்க்க மட்டும்தான் ஏலும். உங்கட பாத்திரத்துக்கு உரிமை இல்லாத பக்கங்கள் திரையில் வரவே வராது. அவை இருக்கு என்பதே உங்களுக்குத் தெரியாது.

சில கட்டங்களுக்குப் பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம் இருக்கும். அதை நிரப்பாமல் சேமிக்க ஏலாது. நிரப்புவதற்கு ஒரு பட்டியல் விழும். அதில் நாலு பதில் இருக்கும், உங்களுக்கு முன்னால் நிற்பவரின் கதை அந்த நாலுக்குள்ளும் வராது. வெளியே ஐந்து பேர் வரிசையில் நிற்கினம். என்ன செய்வீங்கள்? கிட்டத்தட்டப் பொருந்துவதைத் தெரிவு செய்து 'சேமி' என்பதை அழுத்துவீங்கள். அந்த நொடிக்குப் பிறகு அது உண்மையாகிவிடும். அடுத்த அலுவலகம் ஆளைக் கேட்காது, பதிவைத்தான் பார்க்கும்.

இப்படியான தரவுத்தளங்களில் எங்களுக்கு முக்கியமானது ஸெமிஸ். மத்திய குடியேற்றத் தகவல் அமைப்பு என்று தமிழில் சொல்லலாம். 2008 முதல் இயங்குகிறது. அதற்கு முதல் வெளிநாட்டவருக்கு ஒரு பதிவேடும் தஞ்சம் கோரியவர்களுக்கு இன்னொன்றும் தனித்தனியாக இருந்தன. ஸெமிஸ் இரண்டையும் ஒன்றாக்கியது. நடத்துவது குடியேற்றத்துக்கான அரச செயலகம். தஞ்சம், வதிவிட அனுமதி, குடியுரிமை ஆகிய மூன்று துறைகளின் தரவும் அதில் உண்டு. ஆகவே 'என்', 'எஃப்', 'பி', 'சி' ஆவுஸ்வைஸ் வைத்திருப்பவர்களுக்கு மட்டுமான விசயம் இது என்று நினைக்க வேண்டாம். சிவப்புக் கடவுச்சீட்டோடு திரியும் எங்களில் பலருடைய குடியுரிமை விண்ணப்பமும் அந்த வழியாலதான் போனது.

யார் யார் உள்ளே போகலாம்? மாநிலக் குடியேற்ற அலுவலகங்கள், பொலிஸ், எல்லைக் காவல், வெளிநாடுகளில் உள்ள சுவிஸ் தூதரகங்கள், சிவில் பதிவு அலுவலகங்கள், உளவுத்துறை எனப் பட்டியல் நீளம். ஸெமிஸ் பற்றிய 2006 ஆம் ஆண்டு ஒழுங்குவிதியின் பின்னிணைப்பில் ஒரு பெரிய அட்டவணை இருக்கு. எந்தக் கட்டத்தை எந்த அலுவலகம் பார்க்கலாம், எதை எந்த அலுவலகம் திருத்தலாம் என்று வரிவரியாகச் சொல்லும் அட்டவணை. இரகசியம் ஒன்றும் இல்லை, யாரும் வாசிக்கலாம். அதிகாரம் யாரிடம் இருக்கு என்பதை இவ்வளவு துல்லியமாகக் கட்டம் போட்டுக் காட்டும் எழுத்தை நான் வேறெங்கும் வாசித்ததில்லை. எங்கட வாசிப்பு வட்டத்தில் ஒரு மாலையை அதுக்குக் குடுக்கலாம்.

ஏன் இது எங்களுக்கு முக்கியம்? பெயரில் இருந்து தொடங்குவம். ஊரில் கந்தையரின்ட மகன் சிவகுமார், கந்தையா சிவகுமார். தகப்பன் பெயர் முன்னால், தன் பெயர் பின்னால், குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. திரையில் இரண்டு கட்டம்: குடும்பப் பெயர், முதற்பெயர். இரண்டுக்கும் சிவப்பு நட்சத்திரம். கந்தையாவைக் குடும்பப் பெயராகப் போட்டால் சிவகுமாரை ஆயுள் முழுக்க 'ஹெர் கந்தையா' என்று, அதாவது அவரின்ட அப்பாவின் பெயரால், கூப்பிடுவினம். மகள் நிலாவும் பள்ளிக்கூடத்தில் தாத்தாவின் பெயரோடு இருப்பாள். சிவகுமாரைக் குடும்பப் பெயராகப் போட்டால், வேறு மாநிலத்தில் பதிந்த கூடப் பிறந்த தம்பிக்கு வேறு குடும்பப் பெயர் வரும். பிறகு "நீங்கள் சகோதரர் என்பதற்கு என்ன ஆதாரம்?" என்று ஒரு கடிதம் வரும். மனைவியின் பதிவில் அவவின்ட தகப்பன் பெயரா, கணவன் பெயரா? ஆங்கில எழுத்தில் ஒரு 'எச்' கூடினால் அது வேறு ஆளா?

எங்கட வீட்டில் நாலு பேருக்கு மூன்று குடும்பப் பெயர். எந்தக் கவுண்டரில், யார் முதலில் அப்படித் தட்டினார் என்று இப்ப ஒருத்தருக்கும் தெரியாது. பின்னால் வந்த எல்லா அலுவலகமும் முதல் திரையைப் பார்த்துத்தான் எழுதினது. இதைச் சிரித்துச் சொல்லும் வீட்டுக் கதையாக நாங்கள் வைத்திருக்கிறம். குடும்ப ஒன்றிணைவுக்கு விண்ணப்பிக்கும் ஒருவருக்கு, அம்மாவின் செத்தவீட்டுக்கு அண்ணனைக் கூப்பிட விசா கேட்கும் ஒருவருக்கு, இது சிரிப்பில்லை.

இனி வரலாறு. 1989 நவம்பரில் சுவிஸ் நாடாளுமன்ற விசாரணைக் குழு ஒன்று, அரச பாதுகாப்புப் பொலிஸ் ஏறத்தாழ 9 இலட்சம் பதிவு அட்டைகளை வைத்திருந்ததை வெளியே கொண்டு வந்தது. அப்போது நாட்டின் சனத்தொகை 70 இலட்சத்துக்கும் குறைவு. இடதுசாரிகள், தொழிற்சங்கத்தினர், அணுமின் எதிர்ப்பாளர்கள், வெளிநாட்டவர்கள் எல்லாரும் அதில் இருந்தார்கள். 1990 மார்ச் 3 அன்று பேர்ணில் பல்லாயிரம் பேர் தெருவுக்கு வந்தார்கள். 3 இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் தங்களைப் பற்றிய அட்டையைக் கேட்டு எழுதினார்கள். எழுத்தாளர் மக்ஸ் ஃபிரிஷ் தன் அட்டையை வாங்கி, அதில் எவ்வளவு பிழை, எவ்வளவு அறியாமை இருக்கு என்று வரிக்கு வரி குறிப்பு எழுதினார். அவர் இறந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு, 2015 இல் அது நூலாக வந்தது.

அந்த 3 இலட்சம் கடிதங்களை நான் முக்கியமாகப் பார்க்கிறன். கேட்பது அப்போது ஒரு தனியாளின் கவலையாக இருக்கவில்லை, ஒரு இயக்கமாக இருந்தது. 1993 இல் நடைமுறைக்கு வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டம் தன்னைப் பற்றிய தரவைக் கேட்கும் உரிமையை எல்லாருக்கும் ஆக்கியது. ஆனால் வென்றுவிட்டோம் என்று இருந்தவர்களுக்கு 2010 இல் இன்னொரு அடி. உளவுத்துறையின் ஐசிஸ் என்ற தரவுத்தளத்தில் ஏறத்தாழ 2 இலட்சம் பேர் பதியப்பட்டிருந்ததையும், தேவையா என்று காலத்துக்குக் காலம் சரிபார்க்க வேண்டிய கடமை ஒழுங்காகச் செய்யப்படவில்லை என்பதையும் நாடாளுமன்றத்தின் மேற்பார்வைக் குழு வெளிப்படுத்தியது. அட்டைப்பெட்டி கணினியாக மாறினது. கேள்வி மாறவில்லை: சரிபார்ப்பது யார்?

பதிவில் இருப்பதை எப்படி வாசிக்கிறார்கள் என்பது உயிர்ப் பிரச்சினையாகும் என்பதற்கு எங்களுக்கு வெளி உதாரணம் தேவையில்லை. 2013 இல் சுவிசில் இருந்து திருப்பி அனுப்பப்பட்ட இரண்டு தமிழர்கள் இலங்கையில் கைது செய்யப்பட்டார்கள். அந்தச் செப்டெம்பரில் இலங்கைக்கான நாடுகடத்தல்கள் நிறுத்தப்பட்டன. சட்டப் பேராசிரியர் வால்டர் கேலினும் ஐ.நா. அகதிகள் முகவரகமும் அந்தக் கோப்புகளைப் பரிசீலித்தார்கள். 2014 மே மாதம் முடிவுகள் வந்தன, பிழைகள் நடந்தது ஒப்புக்கொள்ளப்பட்டது. இதற்கு ஒரு மென்பொருள் காரணம் என்று நான் சொல்லவில்லை. கோப்பை வாசித்தவர்களும் தீர்ப்பு எழுதியவர்களும் மனிதர்கள். ஆனால் அந்த மனிதர்கள் தீர்மானிக்கும்போது முன்னால் இருந்தது ஒரு கோப்பு, ஆள் இல்லை. அந்தக் கோப்பை ஆளே முன்கூட்டி வாசித்திருக்க வேணும்.

"கேட்டால் எங்களைக் குறித்து வைப்பாங்கள், சும்மா இருக்கிறது நல்லம்" என்று பெரியாக்கள் சொல்லுவினம். அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று எங்களுக்குத் தெரியும். பட்டியலும் பெயரும் கையில் இருந்தால் என்ன நடக்கும் என்பதைக் கொழும்பில் 1983 யூலையில் பார்த்த தலைமுறை அது. அந்தப் பயத்துக்கு மரியாதை குடுப்பம். ஆனால் நாங்கள் கேட்காவிட்டாலும் பதிவு அங்கேதான் இருக்கு. எங்கட மௌனத்தால் அதில் ஒரு கட்டம்கூடத் திருந்தாது.

இன்னொரு பக்கம், "தரவுத்தளமே ஒடுக்குமுறை, உடைக்க வேணும்" என்று சொல்லும் தோழர்களோடும் எனக்கு உடன்பாடு இல்லை. அதே பதிவுதான் எங்கட அம்மா எத்தனை வருசம் இங்கே வாழ்ந்தவ என்பதற்கான சாட்சி. கவுண்டரில் இருப்பவரும் எங்கட எதிரி இல்லை. நிரல் குடுக்காத பதிலை அவராலும் எழுத ஏலாது. கேள்வி திரையை வடிவமைத்தவர்களிடமும் உரிமைகளைப் பங்கிட்டவர்களிடமும் போக வேணும்.

சரி, என்ன செய்யலாம்? 2023 செப்டெம்பர் 1 முதல் புதிய தரவுப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறையில் இருக்கு. அதன் 25 ஆம் பிரிவின்படி உங்களைப் பற்றிய தரவைக் கேட்டு எழுதலாம். அடையாள அட்டையின் பிரதி ஒன்றை இணைத்தால் போதும். பொதுவாகக் கட்டணம் இல்லை, 30 நாளுக்குள் பதில் வர வேணும். வந்ததும் பெயர், பிறந்த திகதி, நாட்டுக்குள் வந்த திகதி, குடும்ப உறவுகள் ஆகியவற்றைப் பாருங்கள். பிழை இருந்தால் ஆதாரத்தோடு திருத்தக் கேளுங்கள். சரி என்றும் பிழை என்றும் நிறுவ முடியாவிட்டால், 41 ஆம் பிரிவின்படி அந்தத் தரவு சர்ச்சைக்குரியது என்ற குறிப்பையாவது அதன் பக்கத்தில் போட வேணும். சின்ன வெற்றிதான். ஆனால் அடுத்து லொகின் செய்பவர் அந்தக் குறிப்பைப் பார்ப்பார். ஒரு எச்சரிக்கை: தஞ்ச வழக்கு நடந்துகொண்டிருப்பவர்கள் முதலில் சட்ட ஆலோசகரோடு கதைக்க வேணும்.

இதுக்கு மேல ஒரு கோரிக்கையும் வைக்க வேணும். எஸ்தோனியாவில் பல அரச தரவுத்தளங்களில் தன் தரவை எந்த அலுவலகம் எப்போது பார்த்தது என்பதைக் குடிமக்கள் இணையத்தில் தாங்களே பார்க்கலாம். அப்படியான பார்வைப் பதிவை ஸெமிஸுக்கும் கேட்பம். அடையாளமும் லொகினும் யார் கையில் இருக்க வேணும் என்று சுவிஸ் இரண்டு தரம் வாக்களித்துவிட்டது. தனியார் வழங்கும் மின்-அடையாளத்தை 2021 மார்ச்சில் 64.4 வீதத்தினர் நிராகரித்தார்கள். அரசே வழங்குவதை 2025 செப்டெம்பரில் 50.4 வீதத்தினர் ஏற்றார்கள். இரண்டு தரமும் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வாக்கு இல்லை. இந்த நாட்டில் மிக நுணுக்கமாகப் பதியப்பட்டவர்களுக்குத்தான் பதிவுகள் பற்றிய வாக்கெடுப்பில் குரல் இல்லை. வாக்கு உள்ள நாங்கள் அதைச் சொல்லாவிட்டால் யார் சொல்லப் போகினம்?

அடுத்த சந்திப்புக்கு ஆளுக்கு ஒரு கடித உறையும் அடையாள அட்டைப் பிரதியும் கொண்டு வாங்கோ. ஏலுமெண்டால் அம்மாவையோ அப்பாவையோ கூட்டிக்கொண்டு வாங்கோ. ஜெர்மன், பிரெஞ்சுக் கடிதங்களை நாங்கள் ஆயத்தமாக வைத்திருப்பம். ஒண்டா இருந்து எழுதுவம்.