முகத்தைப் படிக்கும் கணினியும் மனத்தைப் படிக்கும் கள்வனும்



"அகத்தின் அழகு முகத்தில் தெரியும்" என்னும் பழமொழியைப் பல்லாண்டுகளாக வகுப்பில் கற்பித்து வருகிறேன். அப்பழமொழி பொய்த்துப்போன நாள் ஒன்றும் என் நினைவில் உண்டு.

நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன் வீட்டுப்பாடம் செய்யாமல் வந்திருந்தான். காரணம் கேட்டேன், சிரித்தான். குரலை உயர்த்தினேன், மேலும் சிரித்தான். என்னை எள்ளுகிறான் என்று முடிவுகட்டி, அப்பாடவேளை முழுவதும் வகுப்பின் பின்னே நிற்க வைத்துவிட்டேன். மறுநாள் அவனுடைய பாட்டி பள்ளிக்கு வந்தார். "ஐயா, அவனுக்குப் பயம் வந்தா சிரிப்பு வந்துடும். வீட்டுலயும் இப்படிச் சிரிச்சுத்தான் அவங்க அப்பாகிட்ட அடி வாங்குறான்" என்றார். எனக்கு நா எழவில்லை.

இந்நிகழ்ச்சி மீண்டும் நினைவுக்கு வரக் காரணம் உண்டு. அண்மையில் ஆசிரியர் கூட்டம் ஒன்றில் விற்பனையாளர் ஒருவர் புதிய மென்பொருள் ஒன்றைக் காட்டினார். வகுப்பறைப் படக்கருவி மாணவர்களின் முகங்களைப் பார்க்குமாம். யார் மகிழ்கிறார், யார் சலிப்படைகிறார், யார் கவனிக்கவில்லை என்று பட்டியலிட்டுத் தருமாம். பலர் வியந்தனர். என் மனத்தில் எழுந்த கேள்வி ஒன்றுதான். அன்று அச்சிறுவனின் முகத்தைப் பார்த்திருந்தால் இம்மென்பொருள் என்ன எழுதியிருக்கும்? 'மகிழ்ச்சி' என்றுதான் எழுதியிருக்கும்!

உணர்ச்சியைக் கணினி அறிவது பற்றிய ஆராய்ச்சி இன்று கல்வி, மென்பொருள் உருவாக்கம், கணினிப் பாதுகாப்பு எனப் பல துறைகளிலும் புகுந்துவிட்டது. அதுகுறித்து ஆசிரியன் என்ற முறையில் என் கருத்தை இங்கே முன்வைக்கிறேன்.

கணினி எப்படிப் படிக்கிறது?

அமெரிக்க உளவியலாளர் பால் எக்மன் 1960-களின் இறுதியில் பாப்புவா நியூகினியின் ஃபோரே மக்களிடம் முகப்படங்களைக் காட்டி ஆய்வு செய்தார். சினம், அருவருப்பு, அச்சம், மகிழ்ச்சி, துயரம், வியப்பு ஆகிய ஆறும் உலக மாந்தர் அனைவரின் முகத்திலும் ஒன்றுபோலவே தோன்றும் என்று அவர் முடிவு கண்டார். 1978-இல் அவரும் வாலஸ் ஃபிரீசனும் முகத்தசை அசைவுகளுக்கு எண்ணிட்டு வகைப்படுத்தும் முறையை வெளியிட்டனர். 1997-இல் எம்.ஐ.டி. ஆய்வாளர் ரோசலிண்ட் பிக்கார்ட் எழுதிய நூல், உணர்ச்சியை அறியும் கணினிகளுக்கென ஒரு தனித்துறையையே தோற்றுவித்தது.

கணினிக்கு இதைக் கற்பிக்கப் படங்கள் வேண்டும். 2013-இல் வெளிவந்து பெரிதும் பயன்பட்ட ஒரு தொகுப்பில் 35,887 சிறு முகப்படங்கள் உள்ளன. உணர்ச்சிச் சொற்களைக் கொண்டு இணையத்தில் தேடித் திரட்டப்பட்டவை அவை. அப்படங்களை மனிதர்களிடமே காட்டிச் சோதித்தபோது, ஏறத்தாழ 65 விழுக்காட்டளவே தொகுப்பின் விடையோடு ஒத்துப்போயின. விடைத்தாளே ஐயத்துக்குரியது என்றால், அதைக் கொண்டு திருத்திய மதிப்பெண்ணை எப்படி நம்புவது?

2019-இல் லிசா ஃபெல்ட்மன் பேரட் முதலிய ஐந்து அறிஞர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆய்வுக் கட்டுரைகளை ஆராய்ந்தனர். சினம் கொண்ட மனிதர் முகத்தைச் சுளிப்பது சராசரியாக ஏறத்தாழ 30 விழுக்காடுதான் என்று அவர்கள் கண்டனர். மற்ற வேளைகளில் அவர் அமைதியாக இருக்கலாம், அழலாம், சிரிக்கவும் செய்யலாம். சினமே இல்லாதவர்களும் முகத்தைச் சுளிக்கிறார்கள். கடினமான கணக்கைப் போடும் மாணவனின் நெற்றியைப் பார்த்தவர்களுக்கு இது புதிய செய்தியன்று.

2018-இல் லாரன் ரூ என்னும் அமெரிக்க ஆய்வாளர் கூடைப்பந்து வீரர்களின் படங்களை இரு நிறுவனங்களின் மென்பொருள்களுக்குக் கொடுத்துப் பார்த்தார். ஒரே அளவு புன்னகைத்தாலும், வெள்ளையின வீரர்களைவிடக் கறுப்பின வீரர்களுக்குச் 'சினம்' கூடுதலாக இருப்பதாக அவற்றுள் ஒன்று மதிப்பிட்டது. கருநிறக் குழந்தைகள் நிறைந்த நம் பள்ளிகளில் இருப்போர் இதனைச் சிறிது நின்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்தார் என்று படித்திருக்கிறோம். அவர் எண்ணிக்கையோடு நிற்கவில்லை; ஒவ்வொரு மெய்ப்பாடும் எதனால் பிறக்கிறது என்பதற்கு நந்நான்கு நிலைக்களன்களையும் கூறினார். எள்ளலிலும் சிரிப்பு பிறக்கும், பேதைமையிலும் பிறக்கும். அன்று நான் செய்த பிழை, சிரிப்பைக் கண்டு அதன் களனைத் தேடாமல் விட்டதே. கணினியும் அதே பிழையைத்தான் செய்கிறது. வேறுபாடு, அதனிடம் பேசப் பாட்டி வரமாட்டார்.

சீனாவின் ஹாங்சோ நகர் உயர்நிலைப்பள்ளி ஒன்றில் ஒவ்வொரு 30 வினாடிக்கும் மாணவர் முகங்களை ஆராயும் படக்கருவிகள் பொருத்தப்பட்ட செய்தி 2018-இல் வெளிவந்தது. ஆனால் 2022-இல் மைக்ரோசாப்ட் நிறுவனம், உணர்ச்சி என்பதன் வரையறையிலேயே அறிவியலாரிடம் ஒருமித்த கருத்து இல்லை என்பதைச் சுட்டி, முகத்தைக் கொண்டு உணர்ச்சியை ஊகிக்கும் வசதியைத் தன் சேவையிலிருந்து விலக்கிக்கொள்வதாக அறிவித்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் செயற்கை நுண்ணறிவுச் சட்டமோ மருத்துவம், பாதுகாப்பு ஆகிய காரணங்களுக்கு மட்டும் விலக்கு அளித்து, பள்ளிகளிலும் பணியிடங்களிலும் இத்தகைய கருவிகளை 2025 பிப்ரவரி 2 முதல் தடை செய்துவிட்டது. உருவாக்கியவர்களே கைவிடுவதை நாம் காசு கொடுத்து வாங்க வேண்டுமா?

நிரல் எழுதுவோரின் மனநிலை

இவ்வாராய்ச்சி முழுவதும் வீண் என்று நான் கூறவில்லை. மென்பொருளை உருவாக்குவோரும் மனிதர்களே. களைப்பிலும் எரிச்சலிலும் எழுதிய நிரலில் பிழை மலியும் என்று எண்ணுவது இயல்பு. 2014-இல் கணினியியல் மாணவர் 42 பேரிடம் நடத்திய ஆய்வில், மகிழ்ச்சியான மனநிலையில் இருந்தோர் பகுத்தாய வேண்டிய சிக்கல்களைச் சிறப்பாகத் தீர்த்தனர். 2015-இல் சூரிக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 17 நிரலர்களின் உடலில் உணரிகளைப் பொருத்தி, அவர்கள் நல்ல மனநிலையில் இருக்கிறார்களா, அல்லவா என்பதை 71 விழுக்காட்டளவு சரியாகக் கணித்தனர். இரண்டிலொன்றைச் சொல்ல வேண்டிய இடத்தில் காசைச் சுண்டினாலே 50 கிடைக்கும் என்பதை மறந்துவிடக் கூடாது.

எழுத்தைக் கொண்டு உணர்ச்சியை அறியும் கருவிகளும் உண்டு. நிரலர்களின் உரையாடல்களை அவற்றிடம் கொடுத்தபோது ஒரு கருவி சொன்னதை மற்றொன்று மறுத்தது. காரணம் எளிது. பிழை, தோல்வி, 'கொல்', 'இறந்தது' முதலியன நிரலர்களுக்கு அன்றாடத் தொழிற்சொற்கள். இயங்கும் நிரலை நிறுத்துவதைக்கூடக் 'கொல்வது' என்றே அவர்கள் சொல்வார்கள். அதில் சினமும் இல்லை, சோகமும் இல்லை. சூழலை நீக்கிவிட்டுச் சொல்லை மட்டும் பார்த்தால் பொருள் திரியும் என்பது மொழியாசிரியர்களாகிய நமக்குத் தெரியாததா?

கள்வன் அறிந்த உணர்ச்சி

இனி நான் சொல்ல வந்த செய்திக்கு வருகிறேன். கணினிப் பாதுகாப்பில் உணர்ச்சியை மிக நன்றாக அறிந்தவர்கள் ஆய்வாளர்கள் அல்லர், கள்வர்கள்.

2000-ஆம் ஆண்டு மே 4-ஆம் நாள் உலகெங்கும் ஒரு மின்னஞ்சல் பரவியது. 'ஐ லவ் யூ' என்பது அதன் தலைப்பு. இணைப்பில் ஒரு காதல் கடிதம். பிலிப்பைன்சிலிருந்து கிளம்பிய அந்நச்சுநிரல், திறந்தவரின் கோப்புகளை அழித்து, அவருடைய முகவரி ஏட்டிலிருந்த அனைவருக்கும் தன்னையே அனுப்பிக்கொண்டது. ஒரு சில நாள்களில் பல இலட்சக்கணக்கான கணினிகள் பாதிக்கப்பட்டன. கடவுச்சொல்லை உடைத்து அது உள்ளே நுழையவில்லை. தம்மை யாரோ விரும்புகிறார் என்ற ஆவலில் மனிதர்களே கதவைத் திறந்துவிட்டார்கள்.

2024-இல் நிகழ்ந்தது இதனினும் நுட்பமானது. கோப்புகளைச் சுருக்கும் 'எக்ஸ்இசட்' என்னும் இலவச மென்பொருள், லினக்ஸ் இயங்கும் எண்ணற்ற கணினிகளில் உள்ளது. அதனை ஊதியமின்றிப் பராமரித்து வந்தவர் ஒருவர். 2022-இல் முன்பின் அறியாத சிலர், வேலை தாமதமாகிறது என்று அவரை இடித்துரைத்து அஞ்சல் எழுதினர். தமக்கு நெடுநாளாக மனநலச் சிக்கல் இருப்பதை அவர் வெளிப்படையாகவே தெரிவித்தார். அதே காலத்தில் 'ஜியா டான்' என்னும் பெயரில் ஒருவர் பொறுமையோடு உதவிகள் செய்து நம்பிக்கையைப் பெற்றார். மெல்லப் பொறுப்பும் அவர் கைக்கு வந்தது. 2024 பிப்ரவரியில் வெளிவந்த பதிப்பில் கள்ள வழி ஒன்று மறைத்து வைக்கப்பட்டிருந்தது. கணினிக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை வினாடி கூடுதலாகிறதே என்று ஐயுற்ற ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட் என்னும் பொறியாளர், தேடிப்பார்த்து மார்ச் 29-இல் அதனை வெளிப்படுத்தினார். பெருங்கேடு தப்பியது. இடித்துரைத்தவர்களும் உதவ வந்தவரும் ஒரே கூட்டத்தார் என்றே பலர் ஐயுறுகின்றனர்.

இங்கே தாக்கப்பட்டது என்ன? ஒரு மனிதரின் களைப்பு, குற்றவுணர்வு, நன்றியுணர்வு ஆகியவையே. அந்த அஞ்சல்களை உணர்ச்சி அறியும் கருவியிடம் கொடுத்திருந்தால், பணிவாக எழுதிய கள்வனுக்கே நற்சான்று கிடைத்திருக்கும் என்று எண்ணுகிறேன்.

மற்றொன்றையும் கருத வேண்டும். ஒருவர் தட்டச்சு செய்யும் தாளத்தைக் கொண்டு ஆளை அடையாளம் காண முடியுமா என்று 1980-இலேயே ராண்ட் நிறுவனம் ஆராய்ந்தது. 2011-இல் கனடா நாட்டு ஆய்வாளர்கள் அதே தாளத்திலிருந்து களைப்பு, தயக்கம், துயரம் முதலியவற்றைக் கணிக்க முயன்று, 77 முதல் 88 விழுக்காடு வரை துல்லியம் கண்டதாக எழுதினர். இத்தகைய தரவுகள் திருடர் கையில் சிக்கினால் என்னாகும்? கடவுச்சொல் திருடு போனால் மாற்றிக்கொள்ளலாம். நம் குழந்தை எதற்கு அஞ்சும், எப்போது களைக்கும் என்ற குறிப்பு திருடு போனால் எதை மாற்றுவது?

நாம் செய்ய வேண்டியவை

ஆகவே, உணர்ச்சியை அறியும் பயிற்சி முதலில் வேண்டியது படக்கருவிக்கன்று. நமக்கும் நம் குழந்தைகளுக்கும்தான்.

முதலாவதாக, 'கடவுச்சொல்லை யாரிடமும் சொல்லாதே' என்பதோடு நம் பாடம் நின்றுவிடுகிறது. எதையும் அழுத்துமுன் 'எனக்கு இப்போது என்ன உணர்ச்சி?' என்று தன்னைத்தானே கேட்கப் பழக்குவோம். அச்சம், ஆசை, அவசரம் ஆகிய மூன்றில் ஒன்று இருந்தால் கையை எடுத்துவிட வேண்டும். காவல் நிலையத்திலிருந்து பேசுவதாக மிரட்டுவோரும், பரிசு விழுந்ததாக மயக்குவோரும், 'இன்றே கடைசி நாள்' என விரட்டுவோரும் இம்மூன்றைத்தான் நம்பிப் பிழைக்கிறார்கள். பெரியவர்களுக்கும் இது பொருந்தும். ஏமாந்துவிட்டதாகத் தோன்றினால், மலேசியாவில் 997, சிங்கப்பூரில் 1799 ஆகிய எண்களை உடனே அழைக்கலாம்.

இரண்டாவதாக, முகத்தைப் படிக்கும் கருவி பள்ளிக்கு வருமானால், பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் கேள்வி கேட்க வேண்டும். தரவு எங்கே சேமிக்கப்படுகிறது? யார் பார்ப்பார்கள்? எப்போது அழிக்கப்படும்? கருவி தவறாகச் சொன்னால் குழந்தை யாரிடம் முறையிடும்? தெளிவான விடை இல்லையெனில் வேண்டாம் என்று சொல்ல நமக்கு உரிமை உண்டு.

மூன்றாவதாக, 'தெரியாமல் அழுத்திவிட்டேன்' என்று குழந்தை வந்து சொல்லும்போது முதலில் திட்டாதீர்கள். அஞ்சும் குழந்தை மறைக்கும். மறைக்கும் குழந்தையே கள்வனுக்கு எளிய இரை. என் மாணவனைப்போல் அது சிரிக்கவும் கூடும். அச்சிரிப்பைக் கண்டு சினங்கொள்ளாமல் அருகில் அமர்ந்து 'என்ன நடந்தது?' என்று கேளுங்கள்.

பாட்டி வந்து சென்ற பிறகு நானும் அதைத்தான் செய்தேன். விடை கிடைக்க நெடுநேரம் ஆயிற்று. அவன் சிரித்துக்கொண்டேதான் சொன்னான். ஆனால் இம்முறை எனக்குப் புரிந்தது.

சிந்திப்போம், செயல்படுவோம்.