முதலில் கைகள் பழகட்டும்

கிரிக்கெட் மைதானத்தின் ஓரத்தில் ஆடுவோரை மட்டுமே கண்டு பழகிய நம்மவர்க்கு சியர்லீடிங் வெறும் அலங்காரமாகத் தோன்றக்கூடும். ஆயினும் அது பிறந்த அமெரிக்காவில், 1898 நவம்பர் 2ஆம் தேதி மின்னசோட்டா பல்கலைக்கழகக் கால்பந்துப் போட்டியில் ஜானி கேம்பெல் என்ற மாணவர் கூட்டத்தின் முன் நின்று கோஷத்தை நடத்திக் கொடுத்தது முதல், பல்லாயிரம் தொண்டைகளை ஒரே குரலாக்குவதே அதன் ஜீவனாக இருந்து வந்திருக்கிறது.

இரைச்சலின் நடுவே கடைசி வரிசைக்காரருக்குச் சொல் கேட்பதில்லை, கைதான் தெரிகிறது. தோளுக்கு நேராக இருபுறமும் நீண்டால் ‘டி’, காதோரம் செங்குத்தாக உயர்ந்தால் ‘டச்டவுன்’, மேல்நோக்கி விரிந்தால் ‘ஹை வி’ என்று பாடம் சுலபமாகவே தோன்றும். ஆனால், கட்டைவிரல் முஷ்டிக்கு வெளியே படிந்திருக்க, மணிக்கட்டு மடங்காமல் முன்கையோடு ஒரே கோடாக நிற்க, தோள்கள் காதை நோக்கி எழும்பாதிருக்க, கைகள் பின்னே சாயாமல் ஓரக்கண்ணுக்குத் தெரியும்படி சற்றே முன்னால் அமைய, வீசிச் சுழலாமல் குறுக்குவழியில் சென்று, சேர்ந்த இடத்தில் அசையாது நிற்பது, கண்ணாடி முன் நாள்தோறும் செய்யும் அப்பியாசத்தால் மட்டுமே சித்திக்கும்.

சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2021இல் சர்வதேச சியர் யூனியனுக்கு முழு அங்கீகாரம் அளித்துவிட்ட இக்காலத்தில், குட்டிக்கரணத்தின் மீதும் மனிதக் கோபுரத்தின் மீதும் பிள்ளைகளுக்கு மோகம் பிறப்பது இயல்பே. எனினும், தோழியரின் உள்ளங்கைகளில் ஒற்றைக் காலூன்றி உயரே நிற்பவள் காட்டுவதும் அதே ‘ஹை வி’ அல்லவா? தரையில் நிலைபெறாத கை, அந்தரத்தில் எப்படி நிலைபெறும்?

மேலும், இந்த ஆரம்பப் பாடத்துக்கு உபகரணமும் வேண்டாம், அசாதாரண தேகபலமும் வேண்டாம். பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியான ஐசனோவர், முழங்கால் காயத்தால் கால்பந்தை இழந்த பின், வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் சியர்லீடராக நின்றே தம் அணிக்கு ஊக்கமூட்டினார். ஆடுகளத்தில் இடம் கிட்டாதவருக்கும் அணியின் வெற்றியில் பங்கு உண்டு என்பதற்கு அவர் நல்ல நிதரிசனம்.

ஆகையால் பயிற்சியாளர்கள் அவசரப்படலாகாது. எட்டுவரை எண்ணி, முதலில் மெதுவாகவும் பின்பு வேகமாகவும், குழுவின் கைகள் யாவும் ஒரே கணத்தில் ஒரே கோணத்தில் நிற்கும்வரை பழக்கட்டும். தாவலும் தூக்கலும் அதற்குப் பிறகே வரட்டும்.