மீனை நாம் ஊற வைப்போம், அடுப்பை அவர்கள் பார்க்கட்டும்!

மீன் சமையல் என்றாலே நம் வீடுகளில் அது பெண்கள் தலையில்தான் விடியும். "மீனெல்லாம் எனக்கு வராதும்மா, பக்குவம் தெரியாது" என்று ஆண்கள் நைசாகக் கழன்று கொள்வார்கள். கணவரின் வேலை காரணமாக டோக்கியோவில் குடித்தனம் நடத்தும் நான், இந்தச் சாக்கு செல்லாது என்பதற்கு இந்த ஊர்ச் சமையல் ஒன்றையே சாட்சியாகச் சொல்கிறேன், கேளுங்கள் சகோதரிகளே.

மிசோவில் ஊறிய மீன்தான் அது. மிசோ என்பது, வேக வைத்த சோயா பீன்ஸோடு உப்பும், 'கோஜி' என்கிற பூஞ்சை வளர்த்த அரிசியும் கலந்து புளிக்க வைத்த விழுது. அதில் பல ரகம் உண்டு. மீனுக்குத் தோதானது கியோட்டோ நகரத்து வெள்ளை மிசோ. உப்பு கம்மி, லேசாகத் தித்திக்கும். 'சைக்யோ மிசோ' என்பார்கள். சைக்யோ என்றால் மேற்குத் தலைநகரம். 1869ல் சக்கரவர்த்தி டோக்கியோவுக்குப் போன பிறகு, பழைய தலைநகரான கியோட்டோவுக்கு வழங்கிய பெயர் அது.

மீனும் நமக்கு அந்நியமில்லை. இங்கே இதற்கு விரும்பி வாங்கும் 'சவாரா' மீன், நம்ம வஞ்சிரத்துக்குப் பங்காளி!

செய்முறை இதுதான். நான்கு துண்டு மீனில் உப்பு தூவி அரை மணி நேரம் வைத்தால் தண்ணீர் விடும். அதைச் சுத்தமாக ஒற்றி எடுங்கள். 200 கிராம் வெள்ளை மிசோவில் 2 மேசைக்கரண்டி மிரின் கலந்து கொள்ளுங்கள். மிரின் என்பது இனிப்பான அரிசி மது. அது வேண்டாதவர்கள் கொஞ்சம் சர்க்கரையும் தண்ணீரும் சேர்க்கலாம். மீனை மெல்லிய துணியில் சுற்றி, இரண்டு பக்கமும் விழுதைப் பூசி, மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள். ஒன்றிலிருந்து மூன்று நாள் ஊறலாம். உப்பு தூக்கலான சிவப்பு மிசோ என்றால் ஒரு ராத்திரியே போதும்.

சுடும்போது இரண்டே விஷயம்தான். ஒட்டியிருக்கும் மிசோவைத் துடைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் சட்டென்று கருகிவிடும். தீயைச் சிம்மில் வைத்து, சதை இதழ் இதழாகப் பிரியும் வரை வேகவிட வேண்டும். மிசோவில் ஊறியதால் மீனில் உள்ள புழு சாகாது. அதனால் அரைவேக்காடு கூடவே கூடாது.

இப்போது சொல்லுங்கள், இதில் கைப்பக்குவம் எங்கே இருக்கிறது? உப்பு, இனிப்பு எல்லாம் ஊறும்போதே ஏறிவிட்டது. அடுப்பில் ருசி பார்க்க வேண்டியதில்லை, கண்ணளவு தேவையில்லை. எங்கள் வீட்டில் சனிக்கிழமை ஊற வைப்பது நான். திங்கட்கிழமை சாயந்தரம் சுடுவது கணவரும், ஏழாவது படிக்கும் மகனும். அந்த நேரத்தில் நான் ஜப்பானிய மொழி வகுப்புக்குப் போகிறேன். பத்தாவதோடு படிப்பு நின்றுபோன எனக்கு, மறுபடி நோட்டும் பேனாவும் பிடிக்க வாய்த்தது அந்த ஒன்றரை மணி நேரத்தால்தான்.

"சொல்லிக் கொடுக்கிற நேரத்தில் நாமே செய்துவிடலாமே" என்று சிலர் நினைப்பீர்கள். முதல் தடவைக்கு அது நிஜம்தான். ஆனால் அதற்குப் பயந்து ஆயுசு முழுக்க நாமே நிற்பதா? சமையலறை நம் ராஜ்யம் என்றால், ராணிக்கும் ஒருநாள் ஓய்வு வேண்டாமா?

மிசோ கிடைக்காவிட்டால் என்ன? நம்ம வஞ்சிரத்தில் மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு, எலுமிச்சைச் சாறு தடவி முதல் நாள் ராத்திரியே ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். "தீயைக் குறைத்து வை, நன்றாக வெந்ததும் எடு" என்று ஒரு சீட்டு எழுதிக் கதவில் ஒட்டுங்கள். அப்புறம் கூப்பிட்டாலும் சமையலறைப் பக்கம் எட்டிப் பார்க்காதீர்கள்!

- ஓர் இல்லத்தரசி, டோக்கியோ