பிரதிநிதியைத் திருப்பி அழைக்க நமக்கு உரிமை வேண்டாமா?

நாமக்கல் ஜில்லா ஜேடர்பாளையம் பக்கத்துத் தோழர்கள் சிலர் நம்மை ஒரு கேள்வி கேட்கிறார்கள். அதாவது, "பார்லிமெண்டுக்கு நாம் ஓட்டுக் கொடுத்து அனுப்பிய மெம்பர் நமக்கு விரோதமாய் நடந்தால், ஐந்து வருஷம் காத்திராமல் அவரைத் திருப்பி அழைக்கச் சட்டத்தில் இடமுண்டா?" என்பதாகும். இதற்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்லுவதானால் "இல்லை" என்பதுதான். ஆனால், ஏன் இல்லை? இல்லாமலிருப்பதால் யாருக்கு லாபம்? அந்த உரிமை வருவதானால் எப்படி வரவேண்டும்? இவைகளை யோசிக்க வேண்டியது ஓட்டுள்ள ஒவ்வொருவருடைய கடமையுமாகும்.

ஜேடர்பாளையத்துக் காவிரிக் கரையில் ஒரு குடியானவர் தமது வெற்றிலைக் கொடிக்காலுக்குத் தண்ணீர் கட்ட ஒரு ஆளை வைக்கிறார் என்று வைத்துக் கொள்ளுவோம். அந்த ஆள் தண்ணீரை அடுத்தவன் தோட்டத்துக்குத் திருப்பி விட்டுக் கொண்டிருந்தால், "ஐந்து வருஷம் பேசியாகி விட்டது, அதுவரை கொடி காய்ந்தாலும் காயட்டும்" என்று எந்தக் குடியானவராவது சும்மா இருப்பாரா? ஆனால் தேசத்துக்குச் சட்டம் செய்யவும், வரி போடவும் அனுப்புகிற ஆள் விஷயத்தில் மாத்திரம் நாம் அப்படித்தான் இருக்கிறோம். உற்சவ மூர்த்தி வருஷத்துக்கு ஒரு தரமாவது தேரில் தெருவுக்கு வருகிறது. நம் பிரதிநிதிகளில் பலர் அதைவிடப் பெரிய மூர்த்திகள். ஐந்து வருஷத்துக்கு ஒரு தரம்தான் தரிசனம்.

நீக்கும் அதிகாரம் யாருக்கு?

"மெம்பரை இடையில் நீக்குவது ஜனநாயகத்துக்கு ஆபத்து" என்று சிலர் பயப்படுத்துகிறார்கள். அப்படியானால் இப்போது யாரும் நீக்குவதில்லையா? பார்ப்போம்.

முதலாவது, கோர்ட்டு நீக்கலாம். இரண்டு வருஷமோ அதற்கு மேலோ தண்டனை பெற்ற மெம்பர் உடனே பதவி இழக்க வேண்டுமென்று 2013-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லிவிட்டது. இரண்டாவது, சபையே நீக்கலாம். சபையில் கேள்வி கேட்பதற்குப் பணம் வாங்கிய 11 மெம்பர்களைப் பார்லிமெண்டு 2005 டிசம்பரில் வெளியேற்றிற்று. மூன்றாவது, கட்சி நீக்கலாம். 1985-ல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டப்படி, கட்சிக் கொறடாவின் உத்தரவுக்கு மாறாக ஓட்டுப் போட்ட மெம்பர் தன் ஸ்தானத்தையே இழக்க நேரிடும். 2019-லும் 2024-லும் நாமக்கல் தொகுதியில் ஜெயித்தவர்கள் கொங்குநாடு மக்கள் தேசிய கட்சிக்காரர்கள். ஆனால் நின்றது தி.மு.க.வின் உதயசூரியன் சின்னத்தில். ஆகவே சட்டப்படி அவர்களுக்குச் சின்னத்துக்குரிய கட்சியின் உத்தரவே உத்தரவு. இதில் ஓட்டர் எங்கே இருக்கிறார்?

காவிரிக்கு அக்கரையிலுள்ள அரவக்குறிச்சியை எடுத்துக் கொள்ளுங்கள். 2017 செப்டம்பர் 18-ந் தேதி தமிழ்நாடு சட்டசபை சபாநாயகர் 18 மெம்பர்களைத் தகுதி நீக்கம் செய்தார். அரவக்குறிச்சி மெம்பரும் அதில் ஒருவர். அவர்கள் செய்தது சரியா தப்பா என்பது இங்கு நம் விவகாரமல்ல. 2019 மே மாதம் இடைத் தேர்தல் நடக்கும் வரை, ஒரு வருஷம் எட்டு மாத காலம், அந்தத் தொகுதி ஜனங்களுக்குச் சட்டசபையில் ஆளே இல்லை. மெம்பரை நீக்கும்போதும் அவர்களை யாரும் கேட்கவில்லை. ஸ்தானத்தைக் காலியாக வைத்திருக்கும்போதும் கேட்கவில்லை.

கிராமத்திலாவது வேறு விதமா? 1994-ம் வருஷத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 205-வது பிரிவுப்படி, ஊராட்சித் தலைவரை நீக்கும் அதிகாரம் கலெக்டருக்கு இருக்கிறது. தலைவரைத் தேர்ந்தெடுத்த ஓட்டர்களுக்கு இல்லை. ஆகவே, மெம்பரை நீக்குவது ஆபத்தென்பது பொய். ஜனங்கள் நீக்குவதுதான் ஆபத்து என்பதே இவர்கள் எண்ணம்.

வந்த முயற்சிகள்

இந்த உரிமை வேண்டுமென்று 1974-ல் தோழர் சி. கே. சந்திரப்பன் லோக்சபையில் மசோதா கொண்டு வந்தார். எதிர்முகாமிலிருந்த வாஜ்பாயி அதை ஆதரித்துங்கூட அது நிறைவேறவில்லை. பிறகு வருண் காந்தி கொண்டு வந்த 2016-ம் வருஷ மசோதாவும் சட்டமாகவில்லை. தங்கள் நாற்காலிக்குத் தாங்களே ஆட்டம் கொடுக்கும் சட்டத்தை மெம்பர்கள் இஷ்டப்பட்டுச் செய்வார்களென்று எதிர்பார்ப்பது நம் தப்பே தவிர அவர்கள் தப்பல்ல. கீழ் மட்டத்தில் மாத்திரம் சில மாகாணங்களில் இது இருக்கிறது. சத்தீஸ்கரில் 2008-ல் மூன்று நகரப் பஞ்சாயத்துத் தலைவர்களை ஜனங்களே ஓட்டுப் போட்டு இறக்கினார்கள். ஆகாயம் இடிந்து விழுந்து விடவில்லை.

"இதெல்லாம் புதிதல்ல, நமது முன்னோர் உத்தரமேரூர்க் கல்வெட்டிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்" என்று பெருமை பேசுவோரும் உண்டு. பத்தாம் நூற்றாண்டின் அக்கல்வெட்டில், கணக்குக் காட்டாதவன் மறுபடி குடவோலைக்குத் தகுதியில்லை என்று இருப்பது வாஸ்தவமே. ஆனால் அது பிராமணர் சபை. நிலமும் வேதப்படிப்பும் உள்ளவர்களுக்குத்தான் அங்கு இடம். உழுதவனுக்கும் பெண்களுக்கும் அங்கு ஓலை கிடையாது. கணக்குக் காட்ட வேண்டுமென்ற நல்ல விதியை எடுத்துக் கொள்ளுவோம். மற்றதைப் பழம்பெருமைக்காரர்களே வைத்துக் கொள்ளட்டும்.

மற்ற தேசங்களில்

அமெரிக்காவில் கலிபோர்னியா கவர்னரை 2003-ல் ஜனங்கள் இடையிலேயே இறக்கினார்கள். ஆனால் அத்தேசத்துக் காங்கிரஸ் மெம்பர்களை இறக்க அங்கும் வழியில்லை. இங்கிலாந்தில் 2015-ல் ஒரு சட்டம் வந்தது. மெம்பர் சிறைத் தண்டனை பெற்றாலோ, குறிப்பிட்ட நாட்களுக்குச் சபையிலிருந்து நிறுத்தி வைக்கப்பட்டாலோ, படிச் செலவில் மோசம் செய்து தண்டிக்கப்பட்டாலோ, ஆறு வாரத்தில் 100-க்கு 10 ஓட்டர்கள் கையெழுத்திட்டால் ஸ்தானம் காலி. நீக்கப்பட்டவர் மறுபடி நின்று பார்க்கலாம். 2019-ல் பீட்டர்பரோ மெம்பர் இப்படியே போனார். தைவானிலோ, 2025 ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் எதிர்க்கட்சி மெம்பர்கள் 31 பேர் மீது இந்த ஓட்டு நடந்தது. அத்தனை பேரும் தப்பித்துக் கொண்டார்கள். குற்றம் இன்னதென்று நிலைநிறுத்தத் தேவையில்லாத சட்டமானால், தேர்தலில் தோற்றதைத் திரும்பப் பிடிக்கக் கட்சிகள் அதை ஆயுதமாக்கும் என்பதற்கு இது அத்தாட்சி.

நமக்குள்ள பயம்

இந்த உரிமையை நாம் வேண்டுமென்றே சொல்லுகிறோம். ஆனாலும் நமக்கு ஒரு பெரிய பயம் உண்டு. அது ஜாதி பற்றியதாகும். நாமக்கல் பார்லிமெண்டுத் தொகுதியிலேயே ராசிபுரம் தாழ்த்தப்பட்டவர்களுக்கும், சேந்தமங்கலம் பழங்குடியினருக்கும் ஒதுக்கப்பட்ட சட்டசபைத் தொகுதிகள். அங்கு மெம்பரைத் தேர்ந்தெடுக்கும் ஓட்டர்கள் எல்லா ஜாதியாரும்தான். அந்த மெம்பர் தம் சமூகத்தாருக்காக வாய் திறந்தால், எண்ணிக்கையும் நிலமும் உள்ள ஜாதியார் ஒன்றுகூடி, "இவனைத் திருப்பி அழை" என்று சொல்ல எத்தனை நாளாகும்?

இது வெறும் கற்பனையல்ல. மதுரை ஜில்லா பாப்பாபட்டி, கீரிப்பட்டி ஊராட்சிகள் தாழ்த்தப்பட்டவர்களுக்கு ஒதுக்கப்பட்டதால், 1996 முதல் 2006 வரை அங்கு தலைவர் தேர்தல் நடக்க விடப்படவில்லை. நடந்தாலும் ஜெயித்தவர் உடனே ராஜினாமாச் செய்யும்படி ஆயிற்று. மேலவளவில் 1997-ல் தலைவர் முருகேசனும் அவருடன் சென்றவர்களும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். சட்டமில்லாமலே இப்படித் "திருப்பி அழைத்த" கூட்டத்தின் கையில் சட்டத்தையும் கொடுத்தால் என்ன ஆகும்?

ஆதலால் நமது அபிப்பிராயம் இது. திருப்பி அழைக்கும் உரிமை வேண்டும். ஆனால் அது இங்கிலாந்தைப் போல் நிரூபிக்கப்பட்ட குற்றத்தின் மேல்தான் பிறக்க வேண்டும். லஞ்சம், தண்டனை, சபைக்கே போகாமலிருப்பது, கணக்குக் காட்டாமை ஆகியவை போதும். "பிடிக்கவில்லை" என்பது போதாது. ஒதுக்கப்பட்ட தொகுதியில், அந்தச் சமூகத்து ஓட்டர்களிலும் ஒரு பங்கினர் சம்மதித்தாலன்றி மனு செல்லக் கூடாது. கையெழுத்துக் கணக்கும் நியாயமாயிருக்க வேண்டும். வருண் காந்தி மசோதா கேட்டபடி கால் பங்கு ஓட்டர்கள் என்றால், 2024 தேர்தலில் 14 லட்சத்துக்கு மேல் ஓட்டர்களிருந்த நாமக்கல்லில் அக்கணக்குப்படி மூன்றரை லட்சம் கையெழுத்து வேண்டியிருந்திருக்கும். அதைச் சேர்க்கப் பணக்காரனுக்கும் பெரிய கட்சிக்கும்தான் முடியுமே ஒழிய, கொடிக்கால் கூலிக்கு முடியாது. பத்தில் ஒன்று போதும். இவைகளோடு, கட்சிக் கொறடாவின் பிடியையும் மந்திரிசபை நம்பிக்கை ஓட்டு, வரவு செலவு மசோதா இவைகளோடு நிறுத்தி வைக்க வேண்டும். இல்லாவிட்டால், கட்சிக்குப் பயந்து நமக்கு விரோதமாய் ஓட்டுப் போட்ட மெம்பரை நாம் நீக்குவதும், நமக்குப் பயந்து ஓட்டுப் போட்டவரைக் கட்சி நீக்குவதுமாகவே முடியும்.

கடைசியாக ஓட்டர்களுக்கும் ஒரு வார்த்தை. அதே அரவக்குறிச்சியில் 2016 மே மாதம் நடக்க வேண்டிய தேர்தல், ஓட்டுக்குப் பணம் கொடுக்கப்பட்டதால் ரத்தாகி நவம்பரில்தான் நடந்தது. கொடுத்தவனை எல்லோரும் ஏசினார்கள். வாங்கினவனை ஏச ஆளில்லை. ரூபாய் வாங்கிக்கொண்டு ஓட்டை விற்றவன் பிறகு மெம்பரைப் பார்த்து, "ஏன் எனக்கு விரோதமாய் நடந்தாய்?" என்று எந்த முகத்தோடு கேட்பது? "விலை கொடுத்து வாங்கினேன், கணக்குத் தீர்ந்தது" என்று அவன் சொன்னால் நம்மிடம் பதில் உண்டா? திருப்பி அழைக்கும் சட்டம் வருகிறபோது வரட்டும். அதைக் கேட்கும் யோக்கியதையை வரப்போகிற தேர்தலிலேயே, நீட்டுகிற பணத்தை நிராகரித்து, ஒவ்வொருவரும் சம்பாதித்துக் கொள்ள வேண்டும் என்று கேட்டுக் கொள்ளுகிறோம்.